அப்பா கூப்பிடுகிறார்: போவதா, இருப்பதா?



இந்தப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் லயத்துக்கு லயம் பேசப்படுவது. ஆனால் கூட்டம் போட்டால் யாரும் எழுந்து கேட்கமாட்டார்கள். தூரத்து ஊரில் தனியாக இருக்கும் அப்பாவோ அம்மாவோ, "வந்து என்னோடு இரு" என்று சொல்லி அனுப்புகிறார். தோட்டத்தை விட்டுப் போவதா? போகாமல் இருந்தால் பாவமா? போனால் பிள்ளைகள் கதி என்ன? இதைச் சேர்ந்து படிப்போம்.

பாடத்துக்காக ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். படித்து முடித்ததும், "இது எங்க லயத்துக் கதை மாதிரி இருக்கே" என்று பலர் சொல்லக்கூடும்.

பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், நாற்பதைத் தாண்டியவர். 18 வருடமாகப் பேர் போட்டு வேலை செய்கிறார். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில். மகள் அடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சை எழுதவேண்டியவள். மகன் 6ஆம் வகுப்பு.

இந்த அக்கா ஆறு மாதக் கைக்குழந்தையாய் இருந்தபோது, 1983 ஜூலைக் கலவரம் பதுளை டவுனுக்கும் வந்தது. அங்கே ஒரு கடையில் வேலை பார்த்த அப்பா, உயிர் பிழைத்தால் போதும் என்று வவுனியாவுக்கு ஓடினார். அங்கிருந்து யாழ்ப்பாணம். மருதனார்மடத்துப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் வேலை கிடைத்தது. "நீங்களும் வந்துவிடுங்கள்" என்று மனைவிக்குச் சொல்லி அனுப்பினார். மனைவியால் கிளம்ப முடியவில்லை. கையில் குழந்தை, வீட்டில் நடக்கமுடியாத தாய். போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சண்டை வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் நின்றது. 1995 அக்டோபர் 30ஆம் தேதி வலிகாமத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது அப்பாவும் அந்தக் கூட்டத்தில் நடந்து போனவர். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்த பிறகுதான், 19 வயது மகளின் வாசலில் "நான்தான் உன் அப்பா" என்று வந்து நின்றார். 2006இல் வீதி மறுபடி மூடியது. அம்மா இறந்தபோது செய்தி கிடைத்து வந்தார். ஒரு நாள் பிந்திவிட்டார்.

இப்போது அவருக்கு எழுபது. போனில் சொல்கிறார்: "கண் மங்கிப்போச்சு பிள்ளை. அடுப்பு மூட்டப் பயமாக் கிடக்கு. பேரப்பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்து என்னோட இரன். வீடு சும்மாதானே கிடக்குது."

அக்கா நம்மிடம் என்ன கேட்பார்? "எங்கம்மா முகத்தக்கூட அவரு பாக்கல. இப்ப கண்ணு தெரியலன்னதும் மகள் ஞாபகம் வருதா? ஆனா போகாம இருந்தாலும் ராத்திரி தூக்கம் வரல. நான் என்ன செய்யட்டும்?"

கோபமும் பாசமும் ஒரே வயிற்றில் கிடப்பது தப்பல்ல. இரண்டையும் ஒதுக்கிவைக்கச் சொல்லி இந்தப் பாடம் எழுதவில்லை. இரண்டும் சேர்ந்து நம்மை அவசரப்படுத்திவிடக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறோம்.

1. நம்முடைய ஆட்களுக்கு இடம் மாறுவது என்பது என்ன?

நம் முன்னோர் தோட்டத்தை விட்டுப் போக நினைத்தால் 'துண்டு' வேண்டும். கடன் இவ்வளவு என்றோ, தீர்ந்தது என்றோ துரை எழுதிக்கொடுக்கும் காகிதம் அது. துண்டு இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். கடன் தீராதவரை அதே லயம், அதே கங்காணி. இந்த முறையை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1919இல் தோட்டத் தொழிலாளருக்காக இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்தவர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அவருடைய அண்ணன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்காகக் கட்டிய இராமநாதன் கல்லூரி இந்த மருதனார்மடத்தில்தான் இருக்கிறது. அக்காவின் அப்பா வேலை செய்த செம்பாட்டுக் காணிகளும் அதே பக்கம்தான்.

துண்டு போனது. அடுத்து, நம்மைக் கேட்காமலே நம்மை அனுப்புகிற காலம் வந்தது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும், 3 லட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போட், மகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஆன வீடுகள் எத்தனை! தலைமன்னாரில் கப்பல் ஏறிய தாயைக் கடைசியாக அன்றைக்குப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 என்று மூன்று கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்களும் நம் ஆட்கள்தான். நாடற்றவர் என்ற பேர் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

இதை ஏன் சொல்கிறோம்? தாத்தா காலத்தில் போகவிடவில்லை. அப்பா காலத்தில் பிடித்துத் தள்ளினார்கள், அல்லது துரத்தினார்கள். போகலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்கிற வாய்ப்பு நம் காலத்தில்தான் கிடைத்திருக்கிறது. கிடைத்த வாய்ப்பை ஒரு ராத்திரி அழுகையில் செலவழித்துவிடக்கூடாது.

அந்த அக்கா தன் தாயைப் பற்றி, "அம்மா அப்பவே போயிருந்தா எல்லாம் சரியா இருந்திருக்கும்" என்று சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் அந்தத் தாய் நடக்கமுடியாத தன் தாயை விட்டுப் போகவில்லை. நாளைக்கு ரயில் நிற்கும், வீதி மூடும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவை இன்றைக்குத் தெரிந்ததை வைத்துக் குறை சொல்லவேண்டாம்.

2. அழைப்புக்குள்ளே இருக்கும் தேவை என்ன?

வயதானவர்கள் "வந்து இரு" என்றால், அந்த வார்த்தைக்குள் வேறு ஏதோ இருக்கும். சமைக்க ஆள் இல்லாமல் இருக்கலாம். வருத்தம் வந்து சொல்லப் பயந்திருக்கலாம். கடன் இருக்கலாம். செத்தால் கொள்ளிக்கு ஆள் வேண்டும் என்ற யோசனையாக இருக்கலாம். வெறும் தனிமையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஆகவே "வருகிறேன்", "வரமாட்டேன்" என்று சொல்வதற்கு முன்னால் கேட்கவேண்டியவை:

– கண்ணுக்கு என்ன? டாக்டரிடம் காட்டினீர்களா?
– ராத்திரியில் கூப்பிட்டால் வர அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?
– இருக்கிற வீடு யார் பேரில்?
– வேறு பிள்ளைகள், வேறு குடும்பம் உண்டா?

கடைசிக் கேள்வி வாயில் வர கஷ்டமானது. நாற்பது வருடம் பிரிந்திருந்த மனிதரிடம் அதைக் கேட்காமல் சாமான் கட்டக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்வோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக்கூடாது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பராமரிப்புக் கேட்டு அதற்கான சபையில் முறையிடலாம். ஆனால் ஒரே கூரைக்கு அடியில் இருந்துதான் பார்க்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பார்ப்பது கடமை. எங்கே இருந்து பார்ப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்கவேண்டும்.

3. போகிற ஊர் எப்படிப்பட்டது?

மருதனார்மடம், யாழ்ப்பாண டவுனிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குள், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய ஆஞ்சநேயர் கோயில், மரக்கறிச் சந்தை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சங்கீதமும் நடனமும் படிக்கிற இடம் எல்லாம் அந்தச் சந்தியைச் சுற்றித்தான். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மலை ஏறி இறங்கவேண்டாம். இது பெரிய வசதி.

ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். நமக்குத் 'தோட்டம்' என்றால் தேயிலை, பிரட்டு, செக்ரோல். அங்கே தோட்டம் என்றால் வெங்காயம், மிளகாய், புகையிலை, பீட்ரூட், வாழை. "தோட்டத்தில் வேலை இருக்கு" என்று அப்பா சொன்னால் நம் தோட்டத்து வேலை என்று நினைத்துவிடக்கூடாது. அது பெரும்பாலும் அன்றன்றைக்குக் கூப்பிடும் கூலி வேலை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதும் உண்டு. அப்படிப்பட்ட வேலையில் சேமலாப நிதி கட்டுவார் என்று எதிர்பார்க்கமுடியாது.

ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வரும் கிணற்றுத் தண்ணீர்தான். பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வாயில் வேறாகத் தெரியும். எந்தக் கிணறு குடிக்க நல்லது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் குடிக்கவேண்டும். வெயிலும் பழகாதது. மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம்.

ஆட்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்வோம். நல்ல மனிதர்கள் நிறைய உண்டு. "தோட்டக்காட்டு ஆக்கள்" என்று ஒதுக்கிப் பேசுகிறவர்களும் உண்டு. நம் பிள்ளைகளை வடக்கு வீடுகளில் எடுபிடி வேலைக்குக் கொண்டுபோய் விட்ட பழைய கதையும் நமக்குத் தெரியும். ஆகவே "பிள்ளை எங்கட வீட்டில நிண்டு படிக்கட்டும், சும்மா கொஞ்சம் உதவி செய்தால் போதும்" என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். 2021இல் திருத்திய சட்டப்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது. பிள்ளை தாயோடுதான் இருக்கவேண்டும். பள்ளிக்கூடம் போகவேண்டும்.

4. விட்டுவிட்டுப் போவது என்ன?

போகிற இடத்தில் கிடைப்பதை எல்லோரும் எண்ணுகிறோம். விடுகிற இடத்தில் இருப்பதை எண்ண மறந்துவிடுகிறோம்.

சேவைக்காலப் பணம்: 5 வருடம் முடித்தவர் தானாக வேலையை விட்டாலும் இது உண்டு (1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்). நாட்கூலிக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். அக்காவின் 18 வருடத்துக்கு 18 தரம் 14, அதாவது 252 நாள் சம்பளம். விலகி 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும்.

சேமலாப நிதி: நம் சம்பளத்தில் 8 சதவீதம், தோட்டம் போடுவது 12 சதவீதம். ஊர் மாறினேன் என்று சொல்லி முழுவதையும் எடுக்கமுடியாது. பொதுவாகப் பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது ஆகவேண்டும். அதுவரை பணம் வட்டியோடு அங்கேயே இருக்கும். ஆனால் பி அட்டையில் உள்ள பேரும் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒன்றுதானா? 'லெச்சுமி', 'லட்சுமி' என்று ஒரு எழுத்து மாறினாலும் பிறகு அலையவேண்டி வரும். தோட்டத்தில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

நம்பிக்கைப் பொறுப்பு நிதி: தோட்டம் நமக்காகக் கட்டும் 3 சதவீதம். வேலையை விட்டதும் கேட்டு எடுக்கலாம்.

காம்பிரா: பேர் போகும்போது லயத்துக் காம்பிராவும் கையை விட்டுப் போகிற ஆபத்து உண்டு. வீட்டுத் திட்டத்தில் காணித் துண்டு கிடைத்திருந்தால், அல்லது பட்டியலில் பேர் இருந்தால், அது என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

பதிவுகள்: வாக்காளர் இடாப்பு, கிராம அலுவலர் பதிவு, அஸ்வெசும கிடைத்தால் அதன் பதிவு. இவை நம்மோடு தானாக நடந்து வராது. அங்கே வலிகாமம் தெற்கு உடுவில் பிரதேச செயலகத்தில் புதிதாகப் பதியவேண்டி வரும். பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துவைக்காமல் பயணம் புறப்படவேண்டாம்.

பிள்ளைகளின் படிப்பு: சாதாரணதரத்துக்கு ஒரு வருடம் இருக்கும்போது பள்ளி மாறினால், எடுத்த பாடம் அங்கே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உயர்தரம் படிக்கப்போகும் பிள்ளை என்றால், பல்கலைக்கழக அனுமதிக்கு எந்த மாவட்டத்துப் பள்ளியில் எத்தனை வருடம் படித்தது என்பதும் கணக்கில் வரும். அதிபரிடம் கேட்காமல் விடுகைப் பத்திரம் வாங்காதீர்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு மனது இருக்கிறது.

5. முதலில் மடத்தில் தங்குவது போலத் தங்குவோம்

மடம் என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். மருதனார்மடத்தின் பேரிலேயே அது இருக்கிறது. முதலில் வழிப்போக்கராகப் போய்ப் பாருங்கள் என்பதே நம் ஆலோசனை. பேரை வெட்டாமல், முறையாக லீவு சொல்லி, பள்ளி விடுமுறையில் மூன்று கிழமை தங்கவேண்டும். வெயில் காலத்தில் போவது நல்லது. தாங்குமா என்று தெரியும். நல்லூர்த் திருவிழாவைப் பார்த்துவிட்டு ஊர் இப்படித்தான் என்று முடிவு கட்டவேண்டாம். திருவிழா முடிந்த பிறகும் பத்து நாள் இருந்து பாருங்கள்.

அந்த அக்கா அப்படிச் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். பதுளையிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து ஏ-9 வழியாக ஒரு ராத்திரிப் பயணம். அப்பா சந்தியில் நின்றார். பஸ்ஸை விட்டு இறங்கியவர்களில் யார் மகள் என்று அவருக்குத் தெரியவில்லை. மகள்தான் கிட்டப் போய்க் கையைப் பிடித்தார்.

மூன்று கிழமையில் இரண்டு விஷயம் வெளிச்சமானது.

ஒன்று, வீடு. அது அப்பாவுடையது அல்ல. தோட்டக்காரர் தன் காணியில் போட்டுக்கொடுத்த கொட்டில். உறுதியும் இல்லை, எழுத்தும் இல்லை. தோட்டக்காரர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் காணியை விற்றால் அப்பா எழும்பவேண்டியதுதான். "வீடு சும்மா கிடக்குது" என்று அப்பா சொன்னது பொய் அல்ல. தன் வீடு என்றே முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அக்கா பேரை வெட்டிக்கொண்டு, காம்பிராவையும் விட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பா கண்ணை மூடிய அடுத்த மாதம் இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவில்.

இரண்டாவது, கண். அக்கா அவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். கண்ணில் புரை. வெட்டி எடுத்து வில்லை வைத்தால் பார்வை வரும் என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம். இத்தனை நாளாக ஏன் காட்டவில்லை என்று கேட்டதற்கு, "கூட்டிக்கொண்டு போக ஆர் இருக்கினம்?" என்றார் அப்பா.

அக்கா அன்றைக்கு ராத்திரி மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டார். "ஏம்பா அம்மா இருக்கும்போதே வரல?" அப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "பாதை திறந்தபோது வெறுங்கையோட வர வெக்கமாக் கிடந்தது. கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வருவம் எண்டிருந்தன். பிறகு பாதை பூட்டிப்போச்சு" என்றார். அக்காவின் கோபம் அன்றைக்கே தீர்ந்தது என்று சொல்லமாட்டோம். ஆனால் அதற்குப் பிறகு "அவரு" என்று சொல்லாமல் "அப்பா" என்று சொல்ல ஆரம்பித்தார்.

6. முடிவு எப்படி எடுப்பது?

இரண்டு சொல் மட்டும்தான் உண்டு என்று நினைக்கவேண்டாம்: போவது, இருப்பது. நடுவில் பல வழி இருக்கிறது. லீவுக்கு லீவு போய்வருவது. பெற்றவரை நம்மிடம் கூட்டிவருவது. சகோதரர் ஆளுக்கு இத்தனை மாதம் என்று பங்கிட்டுக்கொள்வது. அக்கம்பக்கத்தாரிடம் பேசி வைத்து மாதாமாதம் ஏதாவது அனுப்புவது. முதியோர் கொடுப்பனவு கிடைக்க விண்ணப்பம் போட்டுக்கொடுப்பது. படிப்பு முடியும் வரை பொறுத்துப் பிறகு போவது.

அக்கா கடைசி வழியை எடுத்தார். மகள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை தோட்டத்திலேயே இருப்பது. கண் ஆபரேஷனுக்கு மட்டும் பத்து நாள் போய் நின்று பார்ப்பது. வீட்டு விஷயத்தில், காணிக்காரரிடம் அப்பா உயிரோடு இருக்கும்வரை இருக்கலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. தீபாவளிக்கு அப்பா தோட்டத்துக்கு வந்து ஒரு மாதம் இருப்பது. குளிர் ஒத்துக்கொண்டால் இன்னும் இருக்கலாம்.

இது எல்லோருக்கும் விடை அல்ல. படுத்த படுக்கையாய் இருக்கும் தாயைப் பரீட்சை முடியட்டும் என்று காக்கவைக்கமுடியாது. சொந்தக் காணி, உறுதி, நிரந்தர வேலை எல்லாம் அங்கே இருந்தால் போவதே புத்தியாக இருக்கலாம். போகிறவரைத் தடுப்பது நம் நோக்கமல்ல. தோட்டத்திலேயே காலம் தள்ளவேண்டும் என்று நமக்கு எந்தத் தலைவிதியும் இல்லை. போவது நம் உரிமை. அதை வாங்க நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. திரும்பி வரும் வழியை அடைத்துவிடாமல் போவது அறிவு. அவ்வளவுதான் பாடம்.

அந்தத் தீபாவளிக்கு அப்பா வந்தபோது லயத்து வாசலில் நின்று பேத்தியை வெகு நேரம் பார்த்தாராம். "கொம்மாச்சியைப் போலவே இருக்கிறாய்" என்றாராம்.

கூடிப் பேச:

(அ) உங்கள் பெற்றவர் எந்த ஊரில் இருக்கிறார்? அவர் "வா" என்று சொன்னால் முதலில் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்.

(ஆ) உங்கள் பி அட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பேர் ஒன்றாக இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

(இ) அந்த அக்காவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? வீட்டில் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.